மேடவாக்கம் கூட்டு ரோடு, காலை ஐந்தே முக்கால்

எங்கள் இயற்கை ஆர்வலர் குழுவில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வெளியே கிளம்பிவிடுவது வழக்கம். பெரும்பாலும் சென்னையின் தெற்குப் பக்கம்தான்: பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சிறுதாவூர், முட்டுக்காடு, நன்மங்கலம். எப்போதாவது வேடந்தாங்கல், பழவேற்காடு. இந்த நடைகளை ஏற்பாடு செய்யும் வேலை சில வருடங்களாக என் தலையில். வீட்டுக்குத் திரும்பியதும் "இன்னைக்கு என்ன பார்த்தீங்க?" என்று கேட்பார்கள். நானும் நாலைந்து பறவைப் பெயர்களைச் சொல்லிவைப்பேன். காலை முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தது மனிதர்களை. யார் பின்தங்கிவிட்டார், யாரிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது, யார் போனை ஸ்பீக்கரில் போட்டு மாமியாரிடம் பேசுகிறார்.

ஒரு நடை நன்றாக அமைவதும் கெடுவதும் பறவைகள் கையில் இல்லை என்பது என் கட்சி. நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை இந்தப் பக்கத்தில் எந்த ஏரிக்கரையில் போய் நின்றாலும் ஏதாவது இருக்கும். கூட்டிப்போகும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் தலைக்கணக்கு. பன்னிரண்டு, பதினைந்து பேர்வரை சரி. இருபதைத் தாண்டினால் அது ஊர்வலம். ஏரிக்கரை என்பது பல இடங்களில் ஒற்றையடிப் பாதை. முன்னால் போகும் ஐந்து பேர் பறவையைப் பார்ப்பார்கள், நடுவில் வருபவர்கள் அது பறந்துபோவதைப் பார்ப்பார்கள், கடைசியில் வருபவர்கள் முன்னால் போனவர்களின் முதுகைப் பார்ப்பார்கள். அதனால் கூட்டம் சேர்ந்துவிட்டால் இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். ஒரு பாதி வலப்பக்கம், இன்னொரு பாதி இடப்பக்கம், மதகருகில் சந்திப்பு. ஒவ்வொரு பாதிக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் பொறுப்பு. முன்னால் போக எல்லோரும் தயார். கடைசி ஆளைத்தான் யோசித்துப் போட வேண்டும். இயல்பாகவே மெதுவாக நடப்பவராக, ஒரு செடியைப் பார்த்தால் நின்றுவிடுபவராக இருப்பது நல்லது. இருபது பேர் கடந்துபோன பிறகும் புதருக்குள் அசையாமல் இருந்த வக்காவைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அவர்தான்.

வாட்ஸ்அப்பில் "வருகிறேன்" என்று போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு ஞாயிறு காலை எழுந்திருக்க மாட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஐந்தே முக்காலுக்கு மேடவாக்கம் கூட்டு ரோட்டில் சந்திப்பு என்றால் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவோம். யாருக்காகவும் நிற்பதில்லை. கேட்கக் கடுமையாக இருக்கலாம். தாமதமாக வரும் ஒருவருக்காக இருபது பேர் இழப்பது அந்த நாளின் நல்ல அரைமணி நேரத்தை. ஒன்பதரைக்கு மேல் நம்ம ஊர் வெயிலில் பறவையும் நிற்காது, ஆளும் நிற்க முடியாது.

அடுத்தது கழிப்பறை. இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். எழுதத்தான் வேண்டும். ஒரு காலத்தில் எங்கள் நடைக்கு வரும் பெண்களில் பலர் ஒருமுறை வருவார்கள், அடுத்த முறை காணோம். ஆர்வம் குறைந்துவிட்டது என்று ஆண்கள் முடிவு கட்டியிருந்தோம். பிறகு ஒரு அம்மா நேராகவே சொன்னார்: "காலையில அஞ்சு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி பத்து மணிக்குத் திரும்புறோம். உங்களுக்கு எந்தப் புதரும் போதும். நாங்க தண்ணியே குடிக்காம நடக்குறோம்." வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நடப்பது எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து நடை அறிவிப்பில் எந்த இடம், எத்தனை கிலோமீட்டர் என்பதோடு கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்கு என்பதும் இருக்கும். போகும்போது ஒரு பெட்ரோல் பங்க், நடுவில் எட்டு மணிக்கு ஒரு இடைவேளை. வழியில் எதுவுமே இல்லாத ஏரி என்றால் நடையைச் சுருக்கிவிடுவோம். பெண்கள் எண்ணிக்கை கூடியதற்கு நாங்கள் நடத்திய எந்த வகுப்பையும்விட இந்த ஒரு வரி அதிகம் உதவியது.

சரி, ஏரிக்கரைக்கு வந்தாயிற்று. அங்கே தினமும் நடக்கும் நாடகம் இது.

"அதோ, அந்த மரத்துல!"

"எந்த மரம்?"

"அந்தப் பச்சை மரம் சார்!"

பத்துக் கைகள் பத்துத் திசையில் நீளும். இத்தனை கை நீண்டால் பறவை கிளம்பிவிடும். விரலை நீட்டாமல் வாயால் இடம் சொல்லப் பழகுவது, குழுவாகப் போகிறவர்கள் முதலில் கற்க வேண்டிய வித்தை. எல்லோர் கண்ணுக்கும் தெரியும் பெரிய ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். மின்கம்பம், செல்போன் டவர், மஞ்சள் பெயின்ட் அடித்த கட்டடம், எதுவானாலும். "டவருக்கு இடது பக்கம் ரெண்டு பனைமரம். ரெண்டாவது பனையை ஒரு கடிகாரமா வச்சுக்கிட்டா நாலு மணியில, மட்டைக்குக் கீழ." இப்படிச் சொன்னால் அரை நிமிடத்தில் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். வெறும் கண்ணால் அந்த இடத்தைப் பிடித்துவிட்டு, பார்வையை அங்கிருந்து எடுக்காமலே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். புதியவர்கள் முதலில் பைனாகுலரை வைத்துக்கொண்டு வானம் முழுக்கத் தேடுவார்கள். கிடைக்காது.

பைனாகுலரைப் பற்றி ஒரு வார்த்தை. 8x42 என்று போட்டிருப்பது போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு இன்னும் நல்லது என்று நினைத்து வாங்குபவர்களுக்குக் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். கண்ணாடி போட்டிருப்பவர்கள் கண்ணுக்கருகில் இருக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் "எனக்கு ரெண்டு கருப்பு வட்டம்தான் தெரியுது" என்று முழு நடையையும் முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குழுவுக்குச் சொந்தமாக இரண்டு மூன்று பைனாகுலர் வைத்துக்கொண்டு புதியவர்களுக்குக் கொடுத்துவிட்டால் யாரும் அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை. இரவல் பைனாகுலரில் நாலு நடை நடந்த பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கொக்குகளை. "கொக்குதானே, தெரியும்" என்பார்கள். பார்க்கச் சொல்வேன். சின்னக் கொக்குக்கு அலகு கருப்பு, கால் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அது காலைத் தூக்கும்வரை பொறுத்திருந்தால் அந்த மஞ்சள் தெரியும். பெரிய கொக்கின் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால்வரை போகும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணோடு நின்றுவிடும். மாட்டோடு திரிவது உண்ணிக்கொக்கு, கழுத்தும் அலகும் குட்டை. கரையோரச் சேற்றில் மண் நிறத்தில் உட்கார்ந்திருக்கும் மடையான் எழுந்து பறக்கும்போதுதான் அதன் இறக்கை முழுக்க வெள்ளை என்று தெரியும். வாழ்நாள் முழுக்க "கொக்கு" என்று ஒரே பெயரில் பார்த்தது அரைமணி நேரத்தில் ஐந்தாகப் பிரிந்துவிட்டால், அந்த ஆள் அடுத்த மாதமும் வருவார். அரிய பறவையை முதல் நாளே காட்டினால் இந்தப் பலன் கிடைப்பதில்லை. அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர், யாராவது "இது என்ன பறவை?" என்று கேட்டால் பெயரைச் சொல்லவே மாட்டார். "மைனாவைவிடப் பெருசா, சிறுசா? அலகு எப்படி? வால ஆட்டுதா?" என்று எதிர்க்கேள்வி போடுவார். நல்ல முறைதான். பார்க்கக் கற்றுக்கொடுக்கும். ஆனால் ஒருநாள் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர், "சார், முதல்ல பேரைச் சொல்லிடுங்க, பரீட்சை அப்புறம் வச்சுக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும்தான். இப்போது முதல் நடைக்கு வருபவருக்குக் கேட்டதும் பெயர் கிடைக்கும். இரண்டாவது நடையிலிருந்து பரீட்சை.

போனில் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. தனியாகப் போகிறவருக்கு நல்ல துணை. குழுவில் அது ஒரு தொல்லை. திரையில் பெயர் வந்ததும் பதினைந்து பேரும் மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு போனைப் பார்ப்பார்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: செயலி சொன்னால் அது ஒரு துப்பு. குழுவில் ஒருவராவது கண்ணால் பார்த்தால், அல்லது அந்தக் குரலை நன்றாகத் தெரிந்தவர் காதால் கேட்டால்தான் பட்டியலில் ஏறும்.

பட்டியல் என்றதும் சொல்ல வேண்டும். பார்த்ததைப் பதிவு செய்யாத நடை எனக்கு அரை நடைதான். யார் வேண்டுமானாலும் பறவைகளைப் பதியக்கூடிய, 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் இணையதளத்தில் நேரம், தூரம், எத்தனை பேர், என்னென்ன பறவை எத்தனை என்று ஏற்றிவிடுகிறோம். காகம், மைனாவை விட்டுவிட்டு அரியதை மட்டும் எழுதினால் பயன் குறைவு. அடையாளம் தெரிந்தவை எல்லாவற்றையும் எழுதினால்தான், இன்று எது இல்லை என்பதும் தெரியும். கூட்டமாக இருக்கும் வாத்துகளை எண்ணுவது எப்படி என்று கேட்பார்கள். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே அளவுத் துண்டுகளாக மொத்தக் கூட்டத்தையும் அளந்துகொண்டே போக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி முடிக்கும்வரை ஒருவர் மற்றவரிடம் சொல்லக் கூடாது. ஒருவர் 200 என்று சொல்லிவிட்டால் அடுத்தவருக்கு 210தான் வரும்.

ஏற்றுவதற்கு முன் டீக்கடையில் பட்டியல் வாசிப்போம். நடையின் சுவையான பகுதி இதுதான் என்பேன். ஒருவர் பெயர்களை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் எண்ணிக்கை சொல்வார்கள். முக்குளிப்பான், தாழைக்கோழி, நீளவால் இலைக்கோழி, மீசை ஆலா என்று அமைதியாகப் போகும். உள்ளான்கள் வந்ததும் சண்டை தொடங்கும். சேற்றில் ஓடும் பழுப்பு நிறச் சின்னப் பறவைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கொசு உள்ளான் என்று ஒருவர், இல்லை என்று இன்னொருவர். போட்டோவைப் பெரிதாக்கிக் கால் நிறம் பார்ப்பார்கள். தீரவில்லை என்றால் "ஏதோ ஒரு உள்ளான்" என்றே பதிவோம். அப்படிப் பதிய ஈபேர்டில் இடம் இருக்கிறது. பெருமைக்காகப் பெயர் சூட்டுவதைவிட அது மேல்.

உள்ளான் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வருடத்தின் எந்தக் கட்டம் என்பதையும் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பித் தளும்பும் டிசம்பரில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் இருக்கும், உள்ளான்களுக்கு நிற்க இடம் இருக்காது. அவற்றுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும் வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் வற்றி ஓரத்தில் சேறு தெரியும்போது போனால் அதே ஏரி வேறு ஏரி. ஊர் ஊராகப் புது இடம் தேடுவதைவிட, ஒரே ஏரிக்கு வருடத்தில் நாலு பருவத்தில் போவது எனக்குப் பிடித்த வழி. குழுவில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்வதில்லை. "போன தடவையும் பெரும்பாக்கம்தானே சார்?" என்று வாட்ஸ்அப்பில் முணுமுணுப்பு எழும்.

அடையாறு முகத்துவாரத்துக்கு வேறு கணக்கு. அங்கே மணி பார்த்துப் போவதைவிடக் கடல் ஏற்றவற்றம் பார்த்துப் போக வேண்டும். வற்றத்தில் மணல்திட்டும் சேறும் வெளியே வரும்போது உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் இரை தேடும். ஏற்றத்தில் எல்லாம் எங்கோ ஒதுங்கி நிற்கும். உடைந்த பாலத்துப் பக்கம் வலை சரிசெய்துகொண்டிருக்கும் மீனவர்களிடம் கேட்டால், போனில் பார்க்கும் அட்டவணையைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. அவர்களுக்குத்தான் தெரியும்.

உள்ளூர்க்காரர்களிடம் பேசாமல் போகும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கழுத்தில் கேமரா, பச்சை உடை, ஆங்கிலப் பேச்சு. ஊர்க்காரர் ஏரி அளக்க வந்திருக்கிறார்களோ என்று சந்தேகமாகப் பார்ப்பார். நாங்கள் கரையில் ஏறியதும் முதலில் கண்ணில் படுபவருக்கு வணக்கம் வைத்து, யார், எதற்கு வந்தோம் என்று சொல்லிவிடுவோம். செங்கல்பட்டுப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன், "அந்த நத்தை தின்ற நாரையா? இங்க எதுக்கு நிக்கிறீங்க, மடையாண்ட போங்க, அங்கதான் நத்தை" என்று கைகாட்டினார். போனோம். நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக நின்றிருந்தன. மூடினாலும் நடுவில் சந்து தெரியும் அந்த அலகை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அன்றுதான்.

பள்ளிக்கரணைக்கு முதன்முறையாக வருபவர்கள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, இன்னொரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் லாரிகள் ஓடும் ரேடியல் சாலை. "இங்கேயா?" என்பார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்புநிலம் இது. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கோவளத்தில் கடலுக்குப் போகிறது. இதை வீட்டில் உட்கார்ந்து படிப்பதற்கும், மழை விட்ட மறுவாரம் கரையில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. வேளச்சேரியில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த கதை வைத்திருக்கும் ஒருவர் எல்லா நடையிலும் இருப்பார். அவர் பேசத் தொடங்கினால் நான் வாயை மூடிக்கொள்வேன். நீலத் தாழைக்கோழி நாணல் தண்டைக் காலால் பிடித்துத் தின்பதைக் காட்டிவிட்டால் அவர்கூட கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்திவிடுவார்.

சாலையோரம் நின்று பார்க்கும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பைனாகுலரில் கண் வைத்திருப்பவர் பின்னாலேயே ஓரடி எடுத்து வைப்பார், பின்னால் லாரி. இப்போது பூங்காவும் நடைபாதையும் வந்துவிட்டதால் புதியவர்களையும் குழந்தைகளையும் அங்கேயே கூட்டிப்போகிறோம்.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர்கள் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு முந்நூறு அடி தூரத்தில் நிற்கும் வாத்தில் சுவாரசியம் இருக்காது, பைனாகுலரையும் ஒழுங்காகப் பிடிக்க வராது. அவர்களுக்குத் தரை. மணலில் புனல் மாதிரி குழி தோண்டிக் காத்திருக்கும் குழியானை, இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு, வலை நடுவில் எக்ஸ் குறி போடும் சிலந்தி. குழியானைக் குழியைச் சுற்றி உட்கார்ந்த நாலு பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப்போக முடியாமல் எங்கள் நடையே அரைமணி நேரம் நின்றிருக்கிறது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போகச் சொல்லித்தான் நிறையப் பேர் கேட்பார்கள். நியாயம்தான். கடப்ப மரங்களில் நாரையும் நீர்க்காகமும் கரண்டிவாயனும் அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருப்பதை பைனாகுலர் இல்லாமலே பார்க்கலாம். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து அந்த ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக இந்தப் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அன்றைய கலெக்டரிடம் சொல்லி பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கியவர்கள். ஆனால் பொங்கல் விடுமுறையில் போனால் கரை முழுக்கத் தலைகள்தான் தெரியும். வேலைநாளில் லீவு போட்டுப் போங்கள். முடியாவிட்டால் பக்கத்திலேயே கரிக்கிலி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கூட்டம் குறைவு.

கேமராக்காரர்களோடு எங்களுக்கு நெடுநாள் இழுபறி. எல்லோரும் அப்படியில்லை, எங்கள் குழுவின் நல்ல கண்களில் பாதி கேமராக்காரர்களுடையவை. ஆனால் ஒரு படத்துக்காகக் கூட்டை நெருங்குவது, போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது, மறைக்கும் கிளையை ஒடிப்பது இவை நடக்கும். குரலைக் கேட்டு வரும் பறவை தன் எல்லைக்குள் இன்னொன்று புகுந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறது. குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை நாம் வீணடிக்கிறோம். கூடு பற்றி எங்கள் விதி எளிது: தற்செயலாகக் கண்ணில் பட்டால் நடையை நிறுத்தாமல் கடந்துவிட வேண்டும், இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாது. நன்மங்கலத்துப் பழைய கல்குவாரியில் கொம்பன் ஆந்தை இருப்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். அங்கே போவதாக இருந்தால் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, சிறு குழுவாகப் போய், எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவோம். "ஒரே ஒரு போட்டோ" என்று இறங்கப் பார்த்தவரை அடுத்த நடைக்கு அழைக்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டார். பரவாயில்லை.

உடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மங்கலான நிறம், தொப்பி, செருப்புக்குப் பதில் ஷூ. சென்ட் வேண்டாம், மலைத்தேனீக் கூடு இருக்கும் மரத்தடியில் அது வம்பு. ஷூ எதற்கு என்றால், ஏரிக்கரைப் புல்லில் கண்ணாடி விரியன் உண்டு. குழுவின் முன்னால் போகிறவர் பாதையைப் பார்த்து நடக்க வேண்டும், மேலே பார்க்கும் வேலையை மற்றவர்களுக்கு விட்டுவிட வேண்டும். கிளம்பும் முன்பே பக்கத்தில் பாம்புக்கடிக்கு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது என்று தெரிந்து வைத்துக்கொள்கிறோம். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. ஆளை அசையவிடாமல் வைத்து, மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிட்டு, 108-ஐக் கூப்பிட வேண்டும். முறிமருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. அதனால் பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ துரத்த வேண்டியதில்லை. அந்த மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சை வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்து வருகிறது. மகாபலிபுரம் பக்கம் போகும் நாளில் அங்கேயும் ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.

குழுவாகப் போவதற்கு உண்மையான பயிற்சி வேண்டுமென்றால் ஆமை நடைக்குப் போக வேண்டும். ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். மாணவர்கள் நடத்தும் ஓர் அமைப்பு 1980களின் இறுதியிலிருந்து இரவெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. வார இறுதியில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், மணலில். டார்ச் கூடாது, பேச்சு கூடாது. வெளிச்சம் பட்டால் ஏறிவரும் ஆமை திரும்பிவிடும். பொரித்த குஞ்சுகளும் வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்துத்தான் கடல் எது என்று முடிவு செய்கின்றன. தெருவிளக்கு இருந்தால் சாலைப் பக்கம் நகர்ந்துவிடும். பல இரவுகளில் ஒன்றும் வராது. கால் வலியோடு விடிகாலை வீடு திரும்ப வேண்டியதுதான். இதைச் சொல்லாமல் யாரையும் கூட்டிப்போகாதீர்கள், பிறகு உங்களைத்தான் திட்டுவார்கள்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உயிருள்ள ஆமைக்கு முன்னால் இறந்த ஆமையைப் பார்க்க நேரலாம். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கும் மூச்சுக் காற்று வேண்டும், இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகும். பிள்ளைகளோடு வருபவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வராமல் இருந்தவர் யாரும் இல்லை.

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்குப் பொங்கல் நல்ல நேரம். 2015 முதல் பொங்கல் விடுமுறையின் நாலு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். அதற்கு எங்கும் போக வேண்டாம். மொட்டைமாடியில், வயலில், கோயில் குளத்தில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்து எழுதினால் போதும். சொந்த ஊருக்குப் போயிருக்கும் எங்கள் உறுப்பினர்கள் அங்கிருந்து அனுப்பும் பட்டியல்களைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கே தேடித் தேடிப் பார்க்கும் பனங்காடை அங்கே கரண்ட் கம்பியில் சும்மா உட்கார்ந்திருக்கும். உங்கள் ஊரில் குழு எதுவும் இல்லையென்றால், பொங்கலுக்கு உங்களோடு மாடிக்கு வரத் தயாராக இருக்கும் இரண்டு பேர் போதும்.

அக்டோபரில் மட்டும் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வேறு மாதிரி அழைப்புகள் வரும். "பால்கனியில ஒரு கலர் குருவி விழுந்து கிடக்கு சார், ஒன்பது கலர் இருக்கும் போல." பெரும்பாலும் அது ஆறுமணிக் குருவி. வடக்கிலிருந்து இரவில் பறந்து வரும், களைத்தோ கண்ணாடி ஜன்னலில் மோதியோ வீட்டுக்குள் விழுந்துவிடும். தண்ணீரை வாயில் ஊற்ற வேண்டாம், சோறு வைக்க வேண்டாம், செல்ஃபிக்குக் கையில் வைத்திருக்க வேண்டாம். காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணியை விரித்து அதை உள்ளே விட்டு மூடி, பூனை எட்டாத இருட்டான இடத்தில் ஓரிரு மணிநேரம் வையுங்கள். அதற்குள் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்டால் மரங்கள் உள்ள இடத்தில் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினாலோ எழுந்து நிற்க முடியாமல் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். கிண்டியில் வனத்துறை அலுவலகம் இருக்கிறது. வேளச்சேரி, அடையாறு பக்கம் இருப்பவர்களுக்கு அதுதான் பக்கம்.